டேப்லெட் மாதிரித் திரை வைத்த காப்பியர்: ஆபீஸுக்கு ஏற்றபடி அமைக்க முழுமையான வழிகாட்டி

புது காப்பியர் வந்து இரண்டாவது நாள். அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா ஒருவர் பில் கட்டோடு அதன் முன்னால் வந்து நின்றார். இடது கையில் நாற்பது தாள், அதே கையின் விரலிடுக்கில் அப்போதுதான் பிடுங்கிய ஸ்டேப்ளர் பின். வலது ஆள்காட்டி விரலால் திரையில் ‘காப்பி’ ஐகானைத் தட்டினார். அசைவே இல்லை. இன்னொரு தடவை தட்டினார். அதற்குள் முதல் தட்டலுக்கு உரிய பக்கம் திறந்துகொண்டது. இரண்டாவது தட்டல், ஐகான் இருந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்த ‘முழு வண்ணம்’ மேல் விழுந்தது. நாற்பது பில்லும் கலரில் வந்து குவிந்தன. “நான் ஒண்ணுமே பண்ணலையே!” என்றார். அவர் சொன்னது சரிதான். தப்பு திரையில் இருந்தது.

அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்போதுதான் என் தலையில் விழுந்திருந்தது. உங்கள் தலையிலும் அப்படி விழுந்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். அட்மின் பாஸ்வேர்டு, ஒரு நோட்டு, கேமரா உள்ள போன், ஆபீஸ் அமைதியாக இருக்கும் ஒரு காலைப்பொழுது, இவ்வளவும் இருந்தால் போதும். சர்வீஸ் இன்ஜினியர் வர வேண்டிய வேலை இதில் எதுவும் இல்லை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க டேப்லெட் மாதிரி இருந்தாலும் இது டேப்லெட் இல்லை. போனை ஒரே ஆள், உட்கார்ந்தோ படுத்தோ, ஒரு நாளைக்கு நூறு தடவை எடுக்கிறார். விரலுக்கே வழி தெரிந்துவிடுகிறது. காப்பியரை முப்பது பேர், நின்றபடி, ஒரு கையில் தாளோடு, பின்னால் இன்னொருவர் காத்திருக்க, வாரத்துக்கு இரண்டு தடவை தொடுகிறார்கள். இன்று கற்றது அடுத்த வாரம் மறந்துவிடும். ஆகவே ‘பழகினால் சரியாகிவிடும்’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது. திரையை நாம்தான் ஆட்களுக்கு ஏற்றபடி பழக்க வேண்டும்.

இந்தத் தலைவலி டச் ஸ்கிரீனோடு பிறந்ததும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர், பெரிய பச்சைப் பட்டன் வைத்த ஒரு காப்பியர் முன்னால் ஆட்களை நிறுத்தி வீடியோ எடுத்தார். பச்சைப் பட்டனை அழுத்தினால் போதும் என்று விளம்பரம் செய்யப்பட்ட மெஷின் அது. வீடியோவில் இரண்டு பக்கக் காப்பி எடுக்கத் திணறியவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். அவருக்கே அந்தக் கதி என்றால் நாம் எந்த மூலைக்கு? சச்மன் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், கோளாறு ஆளின் புத்தியில் இல்லை என்பதுதான். மெஷின் தன் நிலையை எப்படிச் சொல்கிறது, ஆள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்ற இடைவெளியில்தான் எல்லாம் சறுக்குகிறது.

முதல் படி: கை வைக்காமல் ஒரு வாரம் பாருங்கள்

செட்டிங்ஸைத் திறக்க மனம் துடிக்கும், வேண்டாம். பெரும்பாலான மெஷின்களில் ‘ஜாப் லாக்’ அல்லது ‘ஜாப் ஹிஸ்டரி’ என்று ஒரு பதிவு இருக்கும். யார், எப்போது, காப்பியா ஸ்கேனா பிரிண்டா, எத்தனை பக்கம் என்று அதில் வரும். ஒரு வாரப் பதிவை எடுத்து நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள்.

கூடவே கண்ணாலும் பாருங்கள். யார் எந்தத் திரையில் நின்று யோசிக்கிறார், யார் பின்வாங்கி முதலிலிருந்து வருகிறார் என்பதைப் பதிவு சொல்லாது. எங்கள் ஆபீஸில் எண்ணியபோது ஐந்தே வேலைகள்தான் திரும்பத் திரும்ப வந்தன: சாதாரணக் காப்பி, இரண்டு பக்கக் காப்பி, தனக்கே மெயிலில் ஸ்கேன், பொது ஃபோல்டருக்கு ஸ்கேன், அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுப்பது. ஃபேக்ஸ்? ஒன்றுகூட இல்லை. ஆனால் முகப்புத் திரையின் முதல் வரிசையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது ஃபேக்ஸ்தான்.

இரண்டாவது படி: முகப்பைக் காலி செய்யுங்கள்

எதையும் மாற்றும் முன் இப்போதுள்ள ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸை மொத்தமாக வெளியே சேமிக்கும் வசதி மெஷினின் வெப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மெஷினின் ஐபி முகவரியை (ஆபீஸ் நெட்வொர்க்கில் அதற்கு உள்ள எண்) பிரவுசரில் போட்டால் அந்தப் பக்கம் வரும். ஐகான்களை நகர்த்துவதைக்கூட அங்கிருந்தே, உட்கார்ந்தபடி செய்ய முடிகிற மாடல்கள் உண்டு.

அப்புறம் வேண்டாதவற்றை மறையுங்கள். ஃபேக்ஸ், யூஎஸ்பி, மெஷின் விற்றவர் சேர்த்துக் கொடுத்த கிளவுட் ஆப்கள், யாரும் திறக்காத உதவி வீடியோக்கள் எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும். முகப்பில் ஆறு, மிஞ்சினால் எட்டு ஐகான்.

குறைப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் இடம்தான். ஒரு இலக்கைத் தொட ஆகும் நேரம், அது எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் பொறுத்தது என்று பால் ஃபிட்ஸ் 1954இல் கணக்காகவே எழுதி வைத்தார். ஆண்ட்ராய்டு வடிவமைப்பு விதிகள், தொட வேண்டிய எதுவும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது என்கின்றன. அது கையில் பிடித்திருக்கும் போனுக்கு. நின்றுகொண்டு, மணிக்கட்டு அந்தரத்தில் இருக்க, தாள் கட்டோடு தொடும் காப்பியருக்கு அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தாலும் தகும். ஐகான் அளவைப் பெரிதாக்கும் வசதி இருந்தால் தயங்காமல் போடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன கலர் கதைக்கும் இங்கேதான் மருந்து. திரை பத்தில் ஒரு நொடிக்குள் ஏதாவது மறுமொழி காட்டினால்தான் தொட்டது பட்டது என்று மனதுக்குத் தோன்றும். மெஷின் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது அது நடப்பதில்லை. ஆகவே தொடும்போது ‘டிக்’ என்று ஒலிக்கும் செட்டிங்கை அணைக்காதீர்கள். அடுத்து, முகப்பில் ‘காப்பி’ எங்கே இருக்கிறது, உள்ளே போனதும் அதே இடத்தில் எது வருகிறது என்று பாருங்கள். செலவு வைக்கிற பட்டன் வந்தால் ஐகானை ஒரு கட்டம் தள்ளி வையுங்கள். நான் ஒரே ஒரு கட்டம்தான் நகர்த்தினேன். தெரியாமல் வரும் கலர் காப்பி அதோடு நின்றது.

மூன்றாவது படி: வேலைக்கு ஒரு பட்டன்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

செட்டிங்குகளை வரிசையாகத் தேர்ந்து, மொத்தத்தையும் ஒரு பெயரில் சேமித்து, முகப்பில் ஐகானாக வைக்கும் வசதி இந்தத் தலைமுறை மெஷின்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உண்டு. எச்பி அதை ‘குவிக் செட்ஸ்’ என்கிறது. ஜெராக்ஸ் ‘ஒன் டச்’ என்கிறது. ‘புரோகிராம்’, ‘ஷார்ட்கட்’ என்று மற்றவர்கள். பெயர் வேறானாலும் செய்முறை ஒன்றுதான். காப்பி அல்லது ஸ்கேனுக்குள் போய் எல்லாவற்றையும் வேண்டியபடி அமைக்க வேண்டும். உடனே ஸ்டார்ட்டை அழுத்தாமல் ‘சேமி’யைத் தேட வேண்டும். பெயர் கொடுத்து முகப்பில் சேர்க்க வேண்டும்.

பெயர் வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘2-2 டூப்ளெக்ஸ் எல்இ’ என்று வைத்தால் வைத்தவருக்கு மட்டும்தான் புரியும். ‘இரண்டு பக்கக் காப்பி’, ‘எனக்கு மெயில்’, ‘ஐடி கார்டு’ என்று ஆட்கள் வாயில் வருவதையே வையுங்கள். தமிழ் எழுத்தை மெஷின் ஏற்காவிட்டால் ஆங்கில எழுத்தில் அதே சொல்.

ஐடி கார்டு பட்டனைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எல்லாரும் திணறும் இடம் அது. காப்பிக்குள் ‘ஐடி கார்டு காப்பி’ என்ற தேர்வு இருக்கும். பேப்பர் ஏ4, கறுப்பு வெள்ளை, 100 சதவீதம், ஒரு பக்கம் என்று அமைத்துச் சேமியுங்கள். பயன்படுத்துகிறவர் செய்ய வேண்டியது, அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து ஸ்டார்ட், திரை கேட்கும்போது திருப்பி வைத்து மறுபடி ஸ்டார்ட். இதில் சறுக்கும் இடம் ஒன்றே ஒன்று: அட்டையைக் கண்ணாடியின் மூலையோடு ஒட்டி வைத்தால் ஓரத்து எழுத்து வெட்டுப்படும். அரை சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பட்டன் பெயரிலேயே ‘ஐடி கார்டு (மூலையை விட்டுத் தள்ளி)’ என்று நான் எழுதி வைத்தேன். அழகாக இல்லைதான், ஆனால் அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டு பக்கக் காப்பியில் ‘லாங் எட்ஜ்’, ‘ஷார்ட் எட்ஜ்’ என்ற கேள்வி வரும். நிமிர்ந்த பக்கத்தைப் புத்தகம்போலப் புரட்டுவது லாங் எட்ஜ். சுவர்க் காலண்டர்போல மேலே தூக்கிப் புரட்டுவது ஷார்ட் எட்ஜ். பட்டனில் லாங் எட்ஜையே வைத்துவிடுங்கள். மற்றது வேண்டியவர் அபூர்வம், அவருக்குத் தேடவும் தெரிந்திருக்கும்.

பட்டனைத் தட்டியதும் வேலை ஓடத் தொடங்க வேண்டுமா, ஒரு தடவை உறுதி கேட்க வேண்டுமா என்ற தேர்வும் இருக்கும். காப்பிக்கு உடனே ஓடட்டும். தப்பினால் நஷ்டம் ஒரு தாள். வெளியே போகும் மெயிலுக்குக் கட்டாயம் கேட்கட்டும். போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

நான்காவது படி: யாரும் தொடாவிட்டாலும் சரியாக இருக்கும் டிஃபால்ட்

ஆட்கள் டிஃபால்ட்டை மாற்றுவதில்லை. அது எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மாதக் கடைசியில் பில் வரும்.

காப்பிக்கு ‘ஆட்டோ கலர்’ வேண்டாம். கறுப்பு எழுத்துப் பக்கத்தில் நீலப் பேனாக் கையெழுத்தோ சிவப்பு முத்திரையோ இருந்தாலே மெஷின் அதைக் கலர் பக்கம் என்று முடிவு கட்டிவிடும். பக்கக் கணக்கில் கட்டணம் கட்டும் ஒப்பந்தமாக இருந்தால் கலர் பக்கத்துக்குப் பல மடங்கு. கறுப்பு வெள்ளையை டிஃபால்ட் ஆக்கிவிட்டு, ‘கலர் காப்பி’ என்று தனிப் பட்டன் கொடுங்கள். ஸ்கேனுக்கு நேர்மாறாக கலரையே வைக்கலாம். அதற்கு டோனர் செலவில்லை, முத்திரையும் கையெழுத்தும் தெளிவாக வரும்.

ஸ்கேன் தெளிவுத்திறன் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ4 பக்கம் அப்போது 2480க்கு 3508 புள்ளிகளாக வரும். படிக்கவும், எழுத்தைத் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கவும் தாராளம். 600 வைத்தால் புள்ளிகள் நான்கு மடங்கு, மெயில் பெட்டி திணறும், கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

‘வெற்றுப் பக்கத்தை விடு’ என்ற தேர்வு மிக வசதி. இரண்டு பக்க ஸ்கேனில் காலிப் பக்கங்களைத் தானே நீக்கும். ஆனால் பென்சிலில் மெல்லிசாக எழுதிய பக்கத்தையும் காலி என்று தள்ளிவிடக்கூடும். சட்ட ஆவணங்களை ஸ்கேன் செய்யும் பட்டனில் மட்டும் இதை அணைத்து வையுங்கள்.

ஐந்தாவது படி: முந்தைய ஆளின் நிழல்

ஒருவர் ஏ4ஐ ஏ3 ஆக்க 141 சதவீதம் வைத்துக் காப்பி எடுத்துவிட்டுப் போகிறார். அடுத்து வருபவர் எதையும் பார்க்காமல் ஸ்டார்ட்டைத் தட்டுகிறார். பக்கத்தின் பாதி தாளுக்கு வெளியே போய்விட்டது. “மெஷின் கெட்டுப்போச்சு” என்று எனக்குப் போன்.

இதற்கு ‘ஆட்டோ ரீசெட்’ அல்லது ‘டைம் அவுட்’ என்ற செட்டிங். 20 நொடி வைத்தால், விழுந்த தாளைக் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் அமைத்ததெல்லாம் அழிந்துபோகும். ஐந்து நிமிடம் வைத்தால் மேலே சொன்ன கதை. 60 நொடியில் தொடங்குங்கள். புகார் வந்தால் 90 ஆக்குங்கள். லாகின் இருக்கும் மெஷினில் இது வெறும் வசதி சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. திறந்து கிடக்கும் கணக்கிலிருந்து யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம். முடிந்ததும் வெளியேறும் பட்டனை முகப்பில் பெரிதாக வையுங்கள்.

ஆறாவது படி: திரையில் டைப் அடிக்க வைக்காதீர்கள்

நின்றுகொண்டு, கையை நீட்டி, படுத்திருக்கும் திரையில் மெயில் முகவரி அடிப்பது ஒரு தண்டனை. ஒவ்வொரு எழுத்துக்கும் கண்ணால் தேட வேண்டும். புள்ளிக்கும் அட் குறிக்கும் கீபோர்டு பக்கம் மாற்ற வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்த பாஸ்வேர்டை அங்கே கேட்டால், சீக்கிரமே அது ஒரு சீட்டில் எழுதப்பட்டு மெஷின் பக்கவாட்டில் ஒட்டப்படும். பார்த்திருக்கிறேன்.

கார்டு ரீடர் வைக்க முடிந்தால் அதுவே மேல். முடியாவிட்டால் எண்களால் மட்டும் ஆன ரகசிய எண்; பெரிய எண் விசைகள் திரையில் வரும். முகவரிப் புத்தகத்தை கம்ப்யூட்டரிலிருந்து வெப் பக்கம் வழியாக ஏற்றுங்கள். லாகின் செய்தவருக்கு ‘எனக்கு அனுப்பு’ ஒரே தட்டலில் நடந்தால், ஸ்கேனில் பெரும்பகுதிக்கு முகவரியே தேவைப்படாது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பட்டியலில் துறையையும் சேர்த்து எழுதுங்கள். சம்பளப் பட்டியல் வேறு ஆளுக்குப் போகும் விபத்து இங்கேதான் நடக்கும்.

ஏழாவது படி: திரையின் உடம்பு

இது சின்ன வேலை. திரையைச் சாய்க்க முடிந்தால், மேலே உள்ள விளக்கு கண்ணில் அடிக்காத கோணத்தில் நிறுத்துங்கள். வீல்சேரில் வருபவர் இருந்தால் அவரையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லிக் கோணத்தை முடிவு செய்யுங்கள். உயரமானவர் குனிந்துகொள்வார்.

போன்போல மெல்லத் தொட்டால் போதும் என்பவை விரலின் மின்கடத்தலை உணரும் திரைகள். கையுறை போட்டால் வேலை செய்யாது, ஈர விரலுக்குத் தடுமாறும். பழைய மாடல்களில் அழுத்தத்தை உணரும் திரை இருக்கும். அதில் நகத்தாலோ பேனா மூடியாலோகூட அழுத்தலாம். உங்களுடையது எது என்று ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் புதுத் திரையைக் குத்துகிறார்கள், மீதிப் பேர் பழைய திரையைத் தடவுகிறார்கள். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், திரையில் நேராகத் தெளிக்கக்கூடாது.

எட்டாவது படி: திரை சொல்வதும் சொல்லாததும்

பேப்பர் ஜாம் ஆனால் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று அசையும் படம் காட்டுவது இந்தப் பெரிய திரைகளால் கிடைத்த உண்மையான நன்மை. அதைப் பார்த்தபடி ஒரு தடவை எல்லாரையும் திறந்து மூடச் சொல்லுங்கள். ஆனால் வேறு இரண்டு இடங்களில் திரையை நம்ப முடியாது.

ஒன்று, டிரே. டிரேயை இழுத்துத் தாள் போட்டு மூடியதும் ‘இதே அளவுதானா?’ என்று திரை கேட்கும். எல்லாரும் படிக்காமல் ஓகே தட்டுவார்கள். உள்ளே ஏ4, அதாவது 210க்கு 297 மில்லிமீட்டர். மெஷின் நினைத்துக்கொண்டிருப்பது லெட்டர், 215.9க்கு 279.4. அப்புறம் டிரே நிறையத் தாள் இருக்க, ‘தாள் போடுங்கள்’ என்று மெஷின் அடம்பிடிக்கும். ஒரே அளவுத் தாள்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் கேள்வியையே அணைத்து, டிரேயை ஏ4 என்று நிலையாக வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கறுப்புக் கோடு. மேலே உள்ள ஃபீடர் (தாள் கட்டை ஒவ்வொன்றாகத் தானே இழுத்துக்கொள்ளும் பகுதி) வழியாகப் போகும் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு. அதே தாளைக் கண்ணாடியில் வைத்தால் கோடு இல்லை. திரையைக் கேட்டால் எல்லாம் நலம் என்று சொல்லும். மூடியைத் தூக்கிப் பாருங்கள்: பெரிய கண்ணாடிக்கு இடப்பக்கம் விரலகலத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். தாள் நகர்ந்து போக, மெஷின் அந்த ஒரே இடத்தில் நின்று படிக்கிறது. அங்கே ஒரு சொட்டுக் கரெக்‌ஷன் மையோ பசையோ ஒட்டியிருந்தால், அந்தச் சின்னப் புள்ளி பக்கம் முழுக்கக் கோடாக இழுபடும். பஞ்சு இல்லாத துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் தீர்ந்தது.

ஒன்பதாவது படி: வாயை மூடிக்கொண்டு சோதியுங்கள்

இந்த மெஷினைத் தொட்டே பார்க்காத ஒருவரைக் கூப்பிடுங்கள். மூன்று வேலை கொடுங்கள்: பத்துப் பக்கத்தை இரண்டு பக்கக் காப்பியாக எடுக்க வேண்டும், அதையே தனக்கு மெயிலில் அனுப்ப வேண்டும், ஓர் அடையாள அட்டையை ஒரே தாளில் எடுக்க வேண்டும். நீங்கள் இரண்டடி பின்னால் நின்று நோட்டில் குறியுங்கள். உதவி செய்யக்கூடாது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான படி. “அந்த மூலையில பாருங்க” என்று நாக்கு நுனிவரை வரும். அடக்குங்கள்.

எங்கே நின்று யோசித்தார், எதைத் தப்பாகத் தொட்டார், எப்போது உங்களைத் திரும்பிப் பார்த்தார் என்று எழுதுங்கள். திரும்பிப் பார்த்த இடம் ஒவ்வொன்றும் பெயரையோ இடத்தையோ மாற்ற வேண்டிய பட்டன். எங்கள் சோதனையில் வந்த பையன் ‘எனக்கு மெயில்’ தட்டிய பிறகு, மெயில் போனதா என்று தெரியாமல் மூன்று தடவை அனுப்பினான். ‘அனுப்பியாயிற்று’ என்ற செய்தி திரையில் இரண்டு நொடிதான் நின்றது. அந்த நேரத்தில் அவன் கண் ஃபீடரிலிருந்து தாளை எடுப்பதில் இருந்தது. அந்தச் செய்தியை, ஆள் ஓகே தட்டும்வரை நிற்கும்படி மாற்றினோம்.

பத்தாவது படி: சேமித்து வையுங்கள்

எல்லாம் சரியானதும் செட்டிங்ஸை மீண்டும் வெளியே எடுத்து, தேதி போட்டுச் சேமியுங்கள். மென்பொருள் அப்டேட்டுக்குப் பின் முகப்பு பழையபடி மாறியிருந்தால் அரை நாள் வேலை மிச்சம். மெஷினை மாற்றும்போதோ திருப்பிக் கொடுக்கும்போதோ, உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டு, அதை முழுதாக அழிக்கச் சொல்லுங்கள். முகவரிப் புத்தகமும் ஸ்கேன் செய்த பக்கங்களும் அதில் தங்கியிருக்கலாம்.

மாதம் ஒரு தடவை மெஷினைச் சுற்றி ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் படியுங்கள். ‘முதலில் இதை அழுத்தவும்’, ‘கலர் வேண்டாம் என்றால் மாற்றவும்’ என்று ஆட்களே எழுதி ஒட்டுவார்கள். எந்தப் பட்டன் உதவவில்லை என்பதை அவையே காட்டிக்கொடுக்கும். எங்கள் மெஷினில் தொடக்கத்தில் ஏழு இருந்தன. பட்டன்களைச் சரிசெய்யச் செய்ய ஒவ்வொன்றாகக் கிழித்தேன். இப்போது ஒன்றுதான் மிச்சம், ஃபீடர் மேலேயே, அக்கவுண்ட்ஸ் அக்காவின் கையெழுத்தில்: ‘ஸ்டேப்ளர் பின்னை எடுத்தாச்சா?’